பசியோடு வரச் சொன்ன ரெஜினா அக்கா

பாளையங்கோட்டையில் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது தூத்துக்குடியிலிருந்து ரெஜினா அக்காவின் தோழி பாத்திமா லாத்தா அழைத்தார். "தம்பி, நம்ம ரெஜினா மவுத்தாயிட்டா" என்றார். அதோடு போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டார். மாரடைப்பு என்றும் மறுநாள் மாலை அடக்கம் என்றும் அவர்தான் சொன்னார். பரதவர் வீட்டில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத ஒருவருடைய சாவு எனக்கு ஓர் அரபுச் சொல்லில் வந்து சேர்ந்தது. அக்கா இருந்திருந்தால் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் அக்காவோடு நடந்து சாப்பிட்டவர்கள் பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் வெளியூர்க்காரர்களைக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அழைத்துப்போய்ச் சாப்பிடவைக்கும் அந்தச் சனிக்கிழமை மாலை நடையை அக்கா தொடங்கினார். பள்ளிக்கூட எழுத்தரான நான் பஸ் ஏறிப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நடப்பேன். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அவர் கத்தோலிக்கர், நான் பாளையங்கோட்டைப் புராட்டஸ்டண்ட் சபைக்காரன். கிண்டலுக்கு அது போதாதா? "உங்க கோயில்ல பாட்டு நல்லாருக்கும் தம்பி. சோறு எப்படின்னுதான் தெரியல" என்பார். ரோஷம் வந்து ஒரு வருடம் எங்கள் சபையின் அசன விருந்துக்கு அழைத்து வந்து, பந்தியில் உட்காரவைத்து, ஆட்டுக்கறியும் சோறும் போடவைத்தேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "பாட்டும் பரவால்ல" என்றார். அவரிடம் ஜெயிக்க முடியாது.

நடையில் வந்த ஒரு பெரியவர் ஒருமுறை என் காதருகே குனிந்து, அடுத்துப் போகும் வீட்டுக்காரர்கள் என்ன ஆளுகள் என்று கேட்டார். நம் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். முன்னால் போன அக்காவுக்குப் பாம்புக் காது. நடையை நிறுத்தாமலே, "பசிச்ச ஆளுக, அய்யா. நாம போனாத்தான் அவுகளும் சாப்பிடுவாக. வெரசா வாங்க" என்றார். பெரியவர் அதன்பின் என்னை முந்திக்கொண்டு நடந்தார்.

ஆனால் அக்கா உடைந்துபோனதையும் நான் பார்த்திருக்கிறேன். அது முதல் நடை. பொரிச்ச பரோட்டாக் கடையில் தொடங்கினோம். அடுத்து மக்ரூன் கடை. அதன்பின் அக்காவின் வீட்டுக் குசினியில் மாசிக் கருவாட்டுச் சம்பலும் அப்பமும். கடைசியாகப் பாத்திமா லாத்தாவின் வீடு. லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா; காயல்பட்டினத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். அதுவரை அந்நியர் யாரும் அந்த வீட்டில் கை நனைத்ததில்லை. அக்கா கேட்டார் என்பதற்காகத் திறந்த கதவு அது. பெண்களை உள்ளேயும் ஆண்களை முன்னறையிலும் உட்காரவைத்தார்கள். மூன்று பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டுகளில் நெய்ச்சோறும் விருந்துக்கு வைக்கும் களறிக் கறியும் வந்தன. எல்லாரும் சேர்ந்து ஒரே தட்டில் உண்பது அவர்கள் வழக்கம். எங்கள் கூட்டம் தொண்டை மட்டும் பரோட்டா தின்றிருந்தது. ஆளுக்கு ஒரு வாய் எடுத்துவிட்டுப் போட்டோ பிடித்தார்கள். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற லாத்தா, அப்படியே திரும்பி வந்த தட்டுகளைப் பார்த்தார். நாங்கள் கிளம்பும்போது, "இனி வேண்டாம் ரெஜினா" என்றார்.

அக்கா தெருமுனையில் நின்று அழுதார். நான்கு நாள் கழித்துத் தனியாக லாத்தா வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. அடுத்த சனிக்கிழமை நடை தலைகீழாக மாறியிருந்தது. முதலில் லாத்தா வீடு, கடைசியில் பரோட்டா. ஆட்களை அனுப்பிவந்த விடுதியின் மேலாளர் குதித்தார். வெளியூர்க்காரர்கள் பரோட்டாவுக்காகத்தான் வருகிறார்கள், எடுத்த எடுப்பில் நெய்ச்சோற்றைப் போட்டால் மற்றதை யார் தின்பது என்றார். அக்கா சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "கடை இன்னைக்கு அடைச்சா நாளைக்குத் திறக்கும். வீடு ஒருக்க அடைச்சா அடைச்சதுதான்." அதன்பின் எத்தனையோ சனிக்கிழமைகள் சஹன்கள் வழித்தெடுத்த மாதிரி திரும்பின. பரோட்டாக்கடைக்காரர் வயிறு நிரம்பி வரும் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடக்கத்துக்குப் பின் மேலாளர் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். வரும் சனிக்கிழமைக்கு ஒரு கூட்டம் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறது, வேண்டுமானால் கடைகளை மட்டும் காட்டி முடித்துவிடலாம் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அக்காவுக்காகத் திறந்த கதவு எனக்கு எதற்குத் திறக்க வேண்டும்? அந்த வீடு இல்லாத நடை அக்காவின் நடையாகாது, நிறுத்திவிடுவதென்று முடிவு செய்து, அதை நேரில் சொல்ல லாத்தா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாயெடுப்பதற்குள் உள்வாசலிலிருந்து லாத்தாவின் குரல் வந்தது. அழுது அழுது கம்மியிருந்தது.

"சனிக்கிழமை எத்தன பேரு வாராக? கறிக்குச் சொல்லணும்லா."

பன்னிரண்டு பேர் என்றேன். நடையை நிறுத்தும் பேச்சை எடுக்காமலே ஊருக்குப் பஸ் ஏறினேன்.

நடை உள்ள நாளில் ரெஜினா அக்கா மதியம் சாப்பிட மாட்டார். சர்க்கரை வியாதி இருந்தும் கேட்க மாட்டார். பிறத்தியார் வீட்டுப் படியேறும்போது பசித்திருப்பதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பசியைத்தான். அந்தச் சனிக்கிழமை மதியம் என் மனைவி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். எனக்கு வேண்டாம், தூத்துக்குடியில் ஒரு வீட்டில் உலை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.