ஒன்பது மீட்டர் ஜீப்

ஈரச் சந்தனத்தின் வாசனையோடு டீசல் வாசனை கலந்து வந்தால் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போய்விடுவேன். ஆயுத பூசை வாரத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் ஒவ்வொரு பஸ்ஸின் முகத்திலும் அந்த வாசனைதான் என்பதால், அந்த வாரம் முடிந்தவரை எங்கும் கிளம்பமாட்டேன். கேட்கிறவர்களிடம் எனக்குச் சந்தனம் ஒத்துக்கொள்ளாது, அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று அந்த வாசனைக்குள் இருக்கிறது. அதை இனியும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று ஆகிவிட்டதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் குன்னத்துக்கும் செந்துறைக்கும் இடையில், தார் ரோட்டை விட்டு ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் மண். வெயில் காலத்தில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிற அந்த மண், ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்தால் போதும், செருப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆளை வெறுங்காலோடு அனுப்பும். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்படி ஒரு மழையில்தான் அம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. வரச் சொன்ன வாடகைக் கார் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது, ஏற்றிக்கொண்டு போன மாட்டு வண்டி பாதி வழியில் அச்சுவரை இறங்கிவிட்டது, கடைசியில் நான்கு பேர் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியிலேயே தம்பி பிறந்தான், அழவே இல்லை. வேலைக்குப் போயிருந்த அப்பா செய்தி கேட்டு ஓடிவந்தபோது அவரும் அந்த ஆறு கிலோமீட்டரை நடந்துதான் கடந்தார்.

அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜீப் டிரைவர். மழைக்காலத்தில் சுரங்கத்தின் வெள்ளைச் சேற்றில் லாரிகளே மாட்டிக்கொண்டு முழிக்கும்போது, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப்பில் "போர் வீல்" கியரைப் போட்டு அலுங்காமல் மேலே ஏறி வருகிறவர் அவர். தம்பி போன மறு வருஷம் அந்த ஜீப்பை ஓட்டத்துக்கு ஆகாது என்று கழித்துக்கட்டினார்கள். அப்பா அதை ஏலத்தில் எடுத்து, டிராக்டரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். தரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உள்ளே உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மண் தெரிந்தது. அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இத நாமதான் ஏத்திக்கிட்டுப் போவணும் போலருக்கே" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. "அடுத்த தடவ மழ வரட்டும், இந்தச் சேத்த நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

பெரம்பலூரில் பட்டறை வைத்திருந்த மஸ்தான் பாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார். அப்பாவும் அவருமாக என்ஜினைப் பிரித்து, டீசலில் கழுவி, சாக்கில் பரப்பி, மறுபடி பூட்டினார்கள். தரைக்குப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்தார்கள். தார்ப்பாய் தைத்து மாட்டினார்கள். சேற்றைக் கவ்விப் பிடிக்கும் கட்டை கட்டையான "பட்டன் டயர்" நான்கைத் திருச்சியிலிருந்து கொண்டுவந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாவுக்கு மீட்டர் பைத்தியம். திருச்சிக்குப் போகும்போதெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் புகுந்து, லாரியில் கழற்றியது, டிராக்டரில் கழற்றியது, எதில் கழற்றியது என்று கடைக்காரருக்கே தெரியாதது என்று ஒவ்வொன்றாக வாங்கிவந்து, தேக்குப் பலகையில் வட்டம் வட்டமாக ஓட்டை போட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒன்பது மீட்டர் பதித்தார். வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று காட்டுவதற்குக்கூட ஒன்று இருந்தது. கீழே விழப்போகிறவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டா விழுவான் என்று ஊரே கேலி செய்தது. "என்ஜினு வாயத் தொறந்து சொல்லாது பாப்பா. முள்ளுதான் சொல்லும்" என்பார் என்னிடம். மஸ்தான் பாய்க்கு இது பிடிக்கவில்லை. "டிரைவரே, ரெண்டு மூணு போதும். எவ்ளோ மாட்றீங்களோ அவ்ளோ கெடும்" என்று சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கிற ஆளா?

ஒன்பதில் அவருக்குச் செல்லம் நடுவில் இருந்த ஆயில் மீட்டர். என்ஜினிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் வழியாக ஆயிலே நேராக அந்த மீட்டருக்கு வரும். ஆயிலின் அழுத்தம் குறைந்தால் முள் கீழே இறங்கும். "மத்தது எல்லாம் கெட்டா வண்டி நிக்கும், இது எறங்குனா என்ஜினே செத்துரும்" என்று எனக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். நான்காம் வகுப்புப் படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று சாக்குச் சொல்ல எனக்கு வழி இல்லை.

அந்த ஆவணியில் அம்மாவுக்கு எட்டாம் மாதம். அப்பா ஜீப்பின் பின்பக்க சீட்டுகளை எடுத்துவிட்டு, ஓர் ஆள் நீட்டிப் படுக்கும்படி ரெக்ஸின் மெத்தை வைத்துப் படுக்கை செய்தார். தலைமாட்டில் மேல் கம்பியோடு சேர்த்து ஒரு கைப்பிடியை வெல்டிங்கில் ஒட்டவைத்து, அது வழுக்காமல் இருக்கச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். அம்மா ஏறிப் படுத்துக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அந்த ஒன்பது மீட்டரையும் படுத்த வாக்கிலேயே பார்த்து, "ஏங்க, எனக்கும் ஒண்ணு மாட்டி வுடுங்களேன். எங்க வலிக்குதுன்னு வாயத் தொறக்காமலே தெரிஞ்சிக்கலாம்ல" என்றாள். அன்றைக்கு அப்பா சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

ஆயுத பூசைக்கு ஜீப்பைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். குனிய முடியாத அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். ஸ்டியரிங், கியர், கண்ணாடி, டயர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, மீட்டர்களில் ஒவ்வொன்றின் கண்ணாடிக்கும் கடுகளவு வைத்தேன். அப்பாவின் செல்ல மீட்டருக்கு மட்டும் கடுகளவு போதாது என்று எனக்குப் பட்டது. கட்டைவிரலால் அப்பி, கண்ணாடி முழுக்க மெழுகின மாதிரி பரப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தேன். முள் தெரியவில்லை. அப்பா பார்த்தார். "ஏ யப்பா, எம் மவ எம்மாம் பெரிய பொட்டு வச்சிருக்கா பாரு!" என்று என்னைத் தூக்கி இறக்கினார். பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, பிரசவத்துக்காக வந்து எங்களோடு இருந்தவள், "முள்ளு தெரியலியே, கொஞ்சம் தொடைச்சி வுடலாம்ல" என்றாள். "பூசப் பொட்டக் கை வச்சித் தொடைக்கக் கூடாது. தானா உதுரட்டும்" என்றார் அப்பா. சுரங்கத்தில் எல்லா டிரைவர்களுக்கும் இருந்த பழக்கம் அது. முள்ளை நம்புகிற மனிதர்தான் பொட்டையும் நம்பினார்.

பூசை முடிந்து பதினோராம் நாள். மூன்று நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் வலி வந்தது. அம்மாவைப் படுக்க வைத்து, பெரியம்மா பக்கத்தில் உட்கார, நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. அந்த ஆறு கிலோமீட்டரை ஜீப் கடந்ததைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். சேற்றில் புதைந்து நின்ற ஒரு டிராக்டரை ஒதுங்கிப் போனோம். தண்ணீர் ஓடிய வாய்க்காலில் இறங்கி ஏறினோம். அடியில் ஒருமுறை ஏதோ கல்லில் இடித்து ஜீப்பே அதிர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. "பாத்தியா! பாத்தியாடி!" என்று அப்பா திரும்பித் திரும்பிக் கத்தினார். அம்மா அந்த வலியிலும், "பாத்தேங்க, முன்னால பாத்து ஓட்டுங்க" என்றாள். தார் ரோட்டில் ஏறியதும் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது மழையையா, வேறெதையுமா என்று எனக்குத் தெரியாது.

தார் ரோட்டில் பெரம்பலூரைப் பார்த்து விரட்டினார். ஏதோ தீய்கிற வாசனை வந்தது. சேறு சூடாகிற வாசனை என்று நினைத்தோம். என்ஜினில் கடகடவென்று சத்தம் இருந்திருக்க வேண்டும்; தார்ப்பாயின் மேல் அடித்த மழையிலும் அம்மாவின் கதறலிலும் அது கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த மற்ற எட்டு முள்ளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. திடீரென்று பெரிதாக ஒரு தட்டு தட்டி, சக்கரம் இழுத்துக்கொண்டு வண்டி நின்றது. சாவியைத் திருப்பினார், கிணுக்கென்றதோடு சரி. இறங்கி பானட்டைத் திறந்தார், அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. திரும்பி வந்து உள்ளே தலையை நீட்டி, கட்டைவிரலால் அந்தப் பொட்டை ஒரே இழுப்பில் வழித்தார். முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மழையில் ரோட்டுக்கு நடுவே போய் நின்றார்.

முக்கால் மணி நேரம் ஒரு வண்டியும் வரவில்லை. தங்கச்சி மலர் அந்த ரெக்ஸின் மெத்தையில், பெரியம்மாவின் கையில் பிறந்தாள். அவள் அழுதாள். அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. மக்காச்சோள மூட்டை ஏற்றி வந்த ஒரு மினி லாரி நிறுத்தி, மூட்டைகளை ரோட்டோரம் மழையிலேயே தள்ளிவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டது. அம்மாவின் கையைக் கைப்பிடியிலிருந்து பெரியம்மாதான் விடுவித்தாள். பெரம்பலூர் எல்லைக்குள் நுழையும்போதே அம்மாவின் கை குளிர்ந்துவிட்டது என்று பெரியம்மா பின்னால் சொன்னாள்.

காரியம் முடிந்து, ஜீப்பை டிராக்டரில் கட்டி வேப்பமரத்தடிக்கு இழுத்துவந்த பிறகு, மஸ்தான் பாய் வந்து அடியில் புகுந்து பார்த்தார். கல்லில் இடித்த அதிர்ச்சியில் அந்தச் செம்புக் குழாய் இணைப்பில் முறிந்து, அது வழியாகவே ஆயில் முழுவதும் கொட்டியிருந்தது. மீட்டரே இல்லாமல் இருந்திருந்தால் ஆயிலும் போயிருக்காது. மீட்டர் தெரிந்திருந்தால் அப்பா நிறுத்தி, குழாயை மடக்கி அடைத்து, பின்னால் வைத்திருந்த ஆயிலை ஊற்றிக்கொண்டு போயிருப்பார். பாய் இதில் முதல் பாதியை மட்டும் சொல்லி, "யா அல்லா" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் பாதி அவருக்குத் தெரியாது. "முள்ளு நல்லாத்தான் தெரிஞ்சிது பாய், நாந்தான் பாக்கல" என்றார் அப்பா. பொட்டு அதற்குள் உதிர்ந்திருக்கும் என்று பெரியம்மாவும் நம்பிவிட்டாள். அவர் சாகும்வரை எல்லோரிடமும் அதையே சொன்னார். பெண்டாட்டியை ஓட்டியே கொன்றவன் என்று தாய்மாமன்கள் முகத்துக்கு நேராகச் சொன்னபோதும் அதையே சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் பயந்து வாயை மூடினேன் என்று சொல்லலாம். இருபத்தைந்து வயதிலும் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சுரங்கத்தில் வாட்ச்மேன் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஜீப் வேப்பமரத்தடியிலேயே நின்று, மரத்தோடு சேர்ந்து போனது. ஜீப்பை வெட்டி எடைக்குப் போட்டார்கள், மரத்தை ரோடு போடுவதற்காக வெட்டினார்கள். அந்த ஆறு கிலோமீட்டரும் இப்போது தார் ரோடு. ஆம்புலன்ஸ் வாசல்வரை வருகிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிக்கு எங்கள் ஊரில் இனி வேலை இல்லை.

ஆனால் மலருக்கு வேண்டுமாம். "நான் ஜீப்லயே பொறந்தவ" என்று சின்ன வயதிலிருந்தே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவள், போன மாதம் நாமக்கல்லிலிருந்து ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து பட்டறையில் விட்டிருக்கிறாள். பலகையில் ஒன்பது மீட்டர் வைக்கப் போகிறாளாம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் துணியில் சுற்றிக் கிடந்த ஆயில் மீட்டர் என்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியும். "அத குடுக்கா, நடுவுல மாட்டணும். பூசைக்கு நீதான் வந்து பொட்டு வைக்கணும், ஒங் கையாலதான்" என்று நேற்றும் போன் செய்தாள்.

மீட்டரோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன் மலர். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, அப்பா வழித்துவிட்டார். சுற்று வளையத்தின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும். துரு என்று நினைத்துச் சுரண்டிவிடாதே; அது நான் வைத்தது.