கழுதைக் கயிறும் தங்கச் சங்கிலியும்

யுத்தம் முடிந்த சமயம். ராயபுரத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நான் குமாஸ்தா. எங்கள் போர்மேன் அயர்லாந்துக்காரர், ஆறடி ஆள். முழங்கால் வலிக்கு மருந்தென்று கால்சட்டைப் பையில் எப்போதும் ஓர் உருளைக்கிழங்கு வைத்திருப்பார். அது வற்றிக் கல்லாகும்வரை மாற்றமாட்டார். அப்படிப்பட்டவர் எங்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்பார்.

ஒருநாள் ஃபிட்டர் ஒருவர் பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் உப்பி, மனைவியின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். கழற்றினால்தான் வேலை என்று போர்மேன் கழற்ற வைத்தார்.

"நகை போட்டா வீக்கம் எப்டி எறங்கும்? எங்க ஊர்ல கழுதைக் கயித்த கழுத்துல மாட்டி, மூணு தபா தண்ணியாண்ட இட்டுக்கினு போவாங்க. அதான் வைத்தியம்" என்றார், பட்டறையில் கற்ற தமிழில்.

"சர்தான் தொர. அவுங்கவுங்க கழுத்துக்கு இன்னா பொருந்துதோ, அத மாட்டிக்கிறாங்க" என்றார் ஃபிட்டர்.

மூன்றே வாரத்தில் போர்மேனின் கன்னமும் உப்பியது. வண்ணாரப்பேட்டையில் சலவைக்காரர் ஒருவரிடம் கழுதைக் கயிறு வாங்கிக் கழுத்தில் மாட்டி, தொப்பியும் அதுவுமாக மூன்று முறை குழாயடிக்கு நடந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்துப் போனவர் அதே ஃபிட்டர். தெருவே வேடிக்கை பார்த்தது, கழுதை உட்பட.

வீக்கம் வடிந்து வந்தவர், கயிறு பலித்த கதையைப் பட்டறை முழுக்கச் சொன்னார். கையெழுத்துப் போட என் மேஜைமேல் குனிந்தபோது, காலருக்குள் ஃபிட்டர் மனைவியின் சங்கிலி மின்னியது. நான் பார்த்ததைக் கவனித்து, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

எதை நம்பினாரோ, தெரியவில்லை. எங்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்பதை மட்டும் கப்பலேறும்வரை அவர் விடவில்லை.