என் லொறி டீசல் குடித்த நாள்

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் மீன் ஏற்றுகிற லொறிகளில் பெற்றோலில் ஓடுவது என்னுடையது மட்டும்தான். மற்றதெல்லாம் டீசல். இதை நான் பெருமையாகச் சொல்கிறேன். மற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், முகம் மட்டும் வேறு.

வாங்கிய நாளிலிருந்து எனக்கு எல்லோரும் சொன்ன புத்தி ஒன்றுதான்: எஞ்சினைக் கழற்றிப்போட்டு டீசல் எஞ்சின் போடு. தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள், கராஜில் சொன்னார்கள், முடி வெட்டுகிறவர் என் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டீசல் லொறி பாரத்தை இழுக்கும், அளவாகக் குடிக்கும். என்னுடையது நிறையக் குடிக்கும். பாரத்தோடு மேடு ஏறச் சொன்னால் என்னைப் போலவே மூச்சு வாங்கும். ஆனால் திறப்பைத் திருப்பியவுடன் எழும்பும். சத்தம் இல்லை. வேறொருவரின் டீசல் லொறியைப் பல வருசம் ஓட்டி என் காது பாதி போய்விட்டது. மிச்சப் பாதியைக் காப்பாற்றத்தான் இதை வாங்கினேன். பக்கத்தில் இருந்து மனைவி சொல்வதெல்லாம் இப்போது தெளிவாகக் கேட்கிறது. பெற்றோல் எஞ்சினில் நான் கண்ட பெரிய குறை அதுதான்.

கிண்ணியா மீன் முதலாளி ஒருவர், நிலாவெளிக் கரைவலை மீனை நகரத்து ஐஸ் அறைக்குக் கொண்டுவர லொறி தேடினார். அந்த ஏற்றம் கிடைத்தால் சீசன் முழுக்க வீட்டில் கவலை இல்லை. அவர் என் லொறியைச் சுற்றி வந்தார், பெற்றோல் என்றதும் முகத்தைச் சுளித்தார். கொஞ்ச நாள் ஓடிப் பார்க்கலாம், ஒரு தரம் வழியில் நின்றாலும் டீசல் எஞ்சின் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு லொறி பிடிப்பேன் என்றார். ஓம் என்றேன். நிற்கவே நிற்காது என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஒரு காலை மீன் பெட்டிகளோடு வரும் வழியில் எண்ணெய் அடிக்க லொறியைப் பெற்றோல் செட்டுக்குள் விட்டேன். பின்னால் என் கூட்டாளியின் டீசல் லொறி. நான் இறங்கிப் போய் அவனுடைய கதவில் சாய்ந்துகொண்டு பெற்றோலின் அருமை பெருமைகளை விளக்கினேன். அவன் என்றைக்கும் இல்லாத அமைதியோடு கேட்டான். என் பேச்சு வேலை செய்கிறது என்று நினைத்தேன். என் முதுகுக்குப் பின்னால் செட்டில் நிற்பவர் லொறியைப் பார்த்தார், டீசல் குழாயை எடுத்தார், தாங்கியை நிரப்பினார். இந்தப் பக்கத்தில் லொறி என்றால் டீசல். அவரைக் குறை சொல்ல ஏலாது.

எஞ்சினுக்குப் போகிற குழாய்க்குள் மிச்சம் இருந்த பெற்றோலில் கொஞ்சத் தூரம் ஓடியது. பிறகு இருமியது, புகையைக் கக்கியது, உப்புவெளியில் நின்றுவிட்டது. தாங்கி மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். விசயம் விளங்கியது. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

கூட்டாளி வந்து நிறுத்தினான்.

"டீசல் அடிச்சிட்டாங்கள், மச்சான்" என்றேன்.

"ஓம், கண்டனான்."

"கண்டனீயோ? பிறகேன் சொல்லேல்ல?"

"நீ எஞ்சினை மாத்திப்போட்டு வெக்கத்தில மறைக்கிறாய் எண்டு நினைச்சனான். பாவம், கதைச்சிட்டுப் போகட்டும் எண்டு விட்டனான்."

மீன் காத்திருக்காது. அவன் கயிற்றைக் கட்டினான். டீசல் லொறி முன்னால் இழுக்க, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தேத்தண்ணிக் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். தேரில் வருகிற சாமி மாதிரி இரண்டு பக்கமும் கை காட்டினேன். வேறு என்ன செய்ய?

முதலாளி ஐஸ் அறை வாசலில் நின்றார். கயிற்றைப் பார்த்தார். ஒரு பெட்டியைத் திறந்து மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"மீன் தப்பிட்டு" என்றார். "லொறி நிண்டுட்டு. இப்ப என்ன சொல்றீங்க?"

"இவ்வளவு நாளும் பெற்றோல்ல நிக்காம ஓடினது, முதலாளி. ஒருக்கா டீசல் குடிச்சவுடன படுத்திட்டுது. டீசல் கூடாத சாமான் எண்டு இதுக்கு மேல எப்பிடிக் காட்டுறது?"

கூட்டாளி வேறு பக்கம் பார்த்தான். நான் விடவில்லை. தாங்கியைக் கழுவி, பிளக்கைத் துடைத்துப் பின்னேரமே ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். இவனுடைய டீசல் லொறிக்குள் பெற்றோலை ஊற்றிப் பார்ப்போம், எஞ்சின் பம்ப்கூட மிஞ்சாது என்றேன். கூட்டாளி மெல்ல நகர்ந்து போய்த் தன் தாங்கி மூடியை மறைத்துக்கொண்டு நின்றான்.

அதைக் கண்டுதான் முதலாளியின் தோள் சிரிப்பில் குலுங்கத் தொடங்கியது. "பின்னேரம் ஓடிச்செண்டா நாளைக்கும் வாங்க" என்றார். "ஆனா செட்டில இறங்கிக் கதைக்கப்படாது."

பின்னேரம் ஓடியது. சீசன் முழுக்க அதே எஞ்சினோடுதான் ஓடினேன். இப்போது தாங்கி மூடிக்கு மேல் பெற்றோல் என்று மூன்று மொழியிலும் சிவப்பில் எழுதியிருக்கிறேன். அப்படியும் லொறியைக் கண்டவுடன் செட்டில் கை டீசல் குழாய்க்குத்தான் போகிறது. நான் மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வாயை மூடி நிற்கிறேன். இரண்டில் வாயை மூடுவதுதான் கஷ்டம்.

முடி வெட்டுகிறவர் இன்னும் டீசல் போடச் சொல்கிறார். தலை அவர் கையில் இருக்கும்வரை ஓம் என்கிறேன். வெளியே வந்து திறப்பைத் திருப்பினால் எழும்புவது பெற்றோல்தான்.