ரெண்டு பம்பு எதற்கு?

இன்று றக்வான பஸ்ஸில், தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வைக்கப்போகும் பெரிய பவளப்பாறைத் தொட்டிக்கான பம்பு, பைப் வரைபடத்தை ஃபோனில் திருத்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் செல்வி அக்கா பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நம்ம லயத்துக்கா தம்பி? ரெண்டு பம்பு எதுக்கு?"

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். "ஒன்னு நின்னா மத்தது ஓடும் அக்கா."

"அப்ப இனி பீலித் தண்ணிக்கு கொடம் தூக்க வேணாம்" என்று முன் சீட்டுக்காரியிடமும் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லை. "இது பங்களாவுல மீன் வளக்கிறதுக்கு அக்கா."

மறுபடியும் ஃபோனை எட்டிப் பார்த்தார்.

"அதுல கழிச்சு விடுற தண்ணியயாவது நம்ம பக்கம் திருப்பி விடுவீங்களா?"

"கடல் மீனு அக்கா. உப்புத் தண்ணி."



கரன்ட் போனால் மீன்களுக்கு ஜெனரேட்டரும் இருக்கிறது. அதை அவரிடம் சொல்ல யாராவது வருகிறீர்களா?