கேசரிக்கு முன்னால் ஒரு ஊசி

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டாபிராமில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. என்னைப் பெண் பார்க்கப் பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார்கள். மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். நிறம், உயரம், சம்பளம், சமையல் எல்லாவற்றையும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாகிவிட்டது. பள்ளியில் படிக்கும்போதே எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது, இன்சுலின் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதைச் சொல்லாமல் விட்டது எனக்கே அன்று காலைதான் தெரியும். நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, மேஜை மேல் இருந்த இன்சுலின் பேனாவை எடுத்து பீரோவுக்குள் வைத்தாள்.

“அவங்க போற வரிக்கும் இத்த வெளிய எடுக்காதடி. அப்பறமா பக்குவமா சொல்லிக்கலாம்.”

சம்பந்தத்தைக் கொண்டுவந்த என் தாய்மாமா வாசலில் நின்றபடியே ஒத்து ஊதினார். “ஒரு வேள போடாங்காட்டி இன்னா ஆயிடும்? கேசரிய ஒரு வாய் வெச்சிட்டு எழுந்துடு. தாலி ஏறிட்டா எல்லாம் சரியாப் பூடும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் தெரியாத கதையா? நோய் இன்னதென்று புரியாத அந்த நாட்களில், சோற்றுக் குண்டானையே காலி செய்வேன். ஆனாலும் ஒட்டடைக்குச்சி மாதிரி ஆகிக்கொண்டே போனேன். சாப்பாட்டுச் சர்க்கரை முழுதும் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது, செல்களுக்குள் போய்ச் சேரவில்லை. உள்ளே பட்டினி கிடந்த உடம்பு, தன் கொழுப்பையும் சதையையும் தானே கரைத்துத் தின்றது. கடைசியில் மூச்சு வாங்கி மயங்கி விழுந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதவள் இதே அம்மாதான். அவளே இப்போது பேனாவை ஒளித்து வைக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. எனக்கும் ஒரு தட்டைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நல்ல முகமாகத்தான் சொன்னார். “சாப்புடும்மா. எங்களாண்ட இன்னா வெக்கம்?”

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வெட்கப்பட்டு உள்ளே போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். பீரோவைத் திறந்து பேனாவை எடுத்துக்கொண்டு அதே நாற்காலிக்குத் திரும்பினேன். அளவைத் திருகி வைத்தேன், முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கினேன், இடுப்போரமாகக் குத்திக்கொண்டேன். மாமா கையிலிருந்த காபியைக் குடிக்க மறந்து அப்படியே நின்றார்.

“இன்னாம்மா இது?” மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் குரலே மாறிவிட்டது. “சின்ன வயசுல ஸ்வீட்டு நெறைய துன்னியா?”

“அதனால வர்றது இல்ல ஆன்ட்டி. தெருவுல தண்ணி லாரி வந்து நிக்குது, ஆனா வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்குதுன்னு வெச்சுக்கோங்க. லாரி ரொம்பி வழிஞ்சாலும் உள்ள குடம் காலிதானே? ரத்தத்துல இருக்கற சக்கரை அந்த மாதிரிதான். இன்சுலின் போய்ச் சொன்னாத்தான் செல்லு கதவத் தொறந்து அத உள்ள விடும். என் உடம்புல அது சுரக்கறதில்ல. அதனால ஊசியில போட்டுக்கறேன். எனக்குச் சாகற வரைக்கும் இது வேணும்.”

கடைசி வரியைக் கேட்டு அம்மா சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும், “வலிக்குமாங்க?” என்று கேட்டார். அவருடைய அம்மா ஒரு முறை முறைத்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை தட்டிலிருந்து தலை நிமிரவே இல்லை. நான் கொஞ்ச நேரம் பொறுத்து, என் பங்குக் கேசரியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். நெய் தாராளமாக விட்டிருந்தார்கள், நன்றாகவே இருந்தது.

அவர்கள் போனதும் மாமா குதித்தார். மானம் போச்சு என்றார், இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். நானும் விடவில்லை. மறைத்துக் கல்யாணம் செய்தால் ஆயுசு முழுக்கக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊசி போட வேண்டும், என்னால் ஆகாது என்று கத்தினேன். அம்மா எதுவும் பேசவில்லை. பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரில் யார் என்ன சொன்னாலும் சமாளித்துவிடுவேன், அம்மாவே என்னைக் குறையாக நினைத்துவிட்டால் எங்கே போவேன்?

சாயங்காலம் பூந்தமல்லியிலிருந்து போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம், ஜோசியர் வேண்டாம் என்கிறாராம். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. சரிங்க என்று அம்மா வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“ஜாதகம் பொருந்திச்சின்னுதானே பஜ்ஜி துன்ன வந்தீங்க?” என்றாள் அம்மா. “காலைல பொருந்தினது சாயங்காலம் எப்டிங்க இடிக்கும்? ஊசி போடற பொண்ணு வாணாம்னு நேரா சொல்லுங்க. என் பொண்ணு உங்க மூஞ்சிக்கு நேராத்தானே போட்டுக்கிச்சு?”

போனை வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்தாள். “நைட்டுக்கு தோசையா, இட்லியா?” என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, தோசை என்றேன்.

இப்போது எந்த வரன் வந்தாலும் அம்மாவின் முதல் பேச்சே, “பொண்ணு இன்சுலின் போடும். சரின்னா மேல பேசலாம்” என்பதுதான். பல போன்கள் அதோடு நின்றுவிடுகின்றன, நிற்கட்டும். நான் உயிரோடு இருக்கப் போடும் ஊசிக்கு வெட்கப்படச் சொல்லும் வீடு எனக்கு வேண்டாம் என்று அன்று தனியாக நின்று கத்தினேன். இன்று அதை நான் வாய் திறக்கும் முன்பே அம்மா சொல்லிவிடுகிறாள்.