பிரசவம் பார்க்காத டாக்டரம்மா

வன்னியம்பட்டி விலக்கில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர் அது. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் எனக்கு முதல் வேலை. சொந்த ஊர் இராஜபாளையம் பக்கம்தானே, பல வருஷம் அங்கேயே இருந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். வாசலில் யாராவது கத்தரிக்காய் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் வலி எடுத்து ஒரு பெண் வந்துவிட்டால் மட்டும், நான் கையுறை மாட்டுவதற்குள் மூத்த நர்ஸக்கா 108-ஐ வரவழைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏற்றிவிடுவார். ஒருத்திக்கு ரத்தம் கம்மி, இன்னொருத்திக்குத் தலைப்பிரசவம் என்பார். எனக்கு மிஞ்சியதெல்லாம் காய்ச்சலும் சர்க்கரை மாத்திரையும்தான்.

என்மேல் நம்பிக்கை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ரோஷம் அதிகம், வாய்விட்டுக் கேட்கவில்லை. படித்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வேறு. மாறுதல் கலந்தாய்வில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையைக் கேட்டு வாங்கினேன்.

உத்தரவு வந்த அன்று நர்ஸக்கா அழுதுவிட்டார். எனக்கு முன்பிருந்த டாக்டர் பார்த்த ஒரு பிரசவத்தில் குழந்தை தங்கவில்லையாம். சொந்தக்காரர்கள் கூடிச் சத்தம் போட்டிருக்கிறார்கள். மறுநாள் வீட்டுக்குப் போன அந்த இளவயது டாக்டர் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகு நெடுநாள் டாக்டரே கிடையாது. அடுத்து வருகிறவர் தலையில் எந்தப் பாரத்தையும் ஏற்றக் கூடாது என்று ஊழியர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள்.

"நீங்களும் பயந்து போயிரக் கூடாதேன்னுதாம்மா அப்படிச் செஞ்சோம்" என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிரசவம் பார்க்க விடாததால்தான் போகிறேன் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. உத்தரவை இனி மாற்ற வழியில்லை.

போன மாதம் அதே ஊர்ப் பெண் ஒருத்தியை 108 எங்களிடம் கொண்டுவந்தது. அங்கே இன்னும் புது டாக்டர் வரவில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் வலியோடு குலுங்கி வந்தவள் துவண்டு கிடந்தாள். நான்தான் பிரசவம் பார்த்தேன். சிக்கல் ஒன்றுமில்லை, சுகப்பிரசவம். பெண் குழந்தை.

சற்று நேரம் கழித்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இதே கையோடதானம்மா எங்கூர்லயும் இருந்தீய?"

ஆமாம் என்றேன்.