கையெழுத்தின் மேல் வைத்த பொட்டு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்கார டீச்சரம்மா, ஒரத்தநாட்டு மாட்டு டாக்டர், நான். ஸ்பீக்கர் போனில் சென்னையிலிருந்து பேசிக்கொண்டிருந்த டீச்சரம்மாவின் மகனைச் சேர்த்தால் நான்கு பேர்.

நான் தஞ்சாவூரில் பழைய புத்தக வியாபாரம் செய்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் விஞ்ஞான நாவல்களில் முதல் பதிப்பு எது, மறுபதிப்பு எது என்று உள்பக்கத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகும் பயம் போகாது. வழியில் வண்டியை நிறுத்தி இன்னொரு தடவை பார்ப்பேன். எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட முதல் பதிப்பைப் பணம் கொடுத்து வாங்குகிறவர் இந்தப் பக்கத்தில் டாக்டர் ஒருவர்தான். அவர் போய்விட்டால் எனக்கு மிஞ்சுவது கைடும் கொஸ்டின் பேங்கும்தான்.

டீச்சரம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு மகனிடம் கிளம்பினார். அவருடைய மறைந்த கணவர் எழுத்தாளரிடம் நேரில் கையெழுத்து வாங்கி வைத்திருந்த விண்வெளி நாவல் ஒன்று இருந்தது. வேறு யாரிடமாவது போய்விடுமோ என்று முந்தின நாளே எண்ணாயிரம் கொடுத்துவிட்டேன். டாக்டர் பத்தாயிரத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "அருமைங்க. ஒரு கறை இல்ல." எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இருங்க, சரஸ்வதிய வெறுமனே அனுப்பக்கூடாது" என்று டீச்சரம்மா புத்தகத்தை வாங்கிக்கொண்டு சாமி அலமாரிப் பக்கம் போனார். திரும்பி வந்து விரித்துக் காட்டினார். கையெழுத்தின் முதல் எழுத்து மேல் ஈரச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"நல்லதுதானே பண்ணேன்?" முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனார்.

"ஐயோ, தொடைக்காதீங்க! பரவிடும்!"

போனில் மகன், "அம்மா, வெலைய கொறைக்க நாடகம் போடறாங்க. வாங்கின பணத்தத் திருப்பிக் குடுத்துடாத" என்றார்.

"நீ சும்மா இருடா. அப்பா புத்தகம்டா, அதான் வெச்சேன்" என்றார் டீச்சரம்மா. கொடுத்த எண்ணாயிரத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "கன்னுக்குட்டிக்குப் பொட்டு வெச்சா ரெண்டு நாள்ல போயிடுங்க. இது போகாதே." பிறகு புத்தகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஐயாயிரத்தை என் கையில் வைத்தார். "மீதிய அப்பறம் பாப்போம்."

இந்த வியாபாரத்துக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். விலை முடிந்ததும் புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். காபியெல்லாம் அப்புறம்.

டாக்டர் இன்னமும் என்னிடம் வாங்குகிறார், ரொக்கமாக. அந்த நாவல் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. எடுத்தால் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று நானும் கேட்பதில்லை. பாக்கி ஐயாயிரம்.